கரண்ட் பெல்ட்டும் பொறைத் துண்டும்

எங்கள் நாயின் பெயரை இங்கே எழுத முடியாது. தெருமுனை வீட்டில் அதே பெயரில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாய்க்குப் பெயர் வைத்தபோது அவர் இந்தத் தெருவுக்கே குடிவரவில்லை. அதைப் போய் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் கோவில்பதாகையில் எங்கள் தெருவில் வாசலுக்கு வெளியே அது 'டேய்', வீட்டுக்குள்ளே வந்தால்தான் அதன் சொந்தப் பெயர்.

லேப்ரடார் என்று சொல்லித்தான் என் கணவரின் நண்பர் கொடுத்தார். குட்டியாக இருந்தவரை லேப்ரடாராகத்தான் இருந்தது. பிறகு ஒரு காது நிமிர்ந்தது, வால் சுருண்டது, முகம் நீண்டது. ஆவடி ஸ்டேஷன் வாசலில் படுத்திருக்கிற நாய்கள் எல்லாம் உறவு கொண்டாடுகிற ஜாடை வந்துவிட்டது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் 'அமைதியான பையன்' என்று சொல்லித்தான் இவரைக் காட்டினார்கள்.

நாய்க்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஸ்கூட்டரைக் கண்டால் துரத்தும். அதிலும் எதிர் வீட்டு பாயின் ஸ்கூட்டர் என்றால் அதற்குத் திருவிழா. பாய் பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். வண்டியின் பின்னால் இலவம் பஞ்சு மூட்டையை இரண்டு பக்கமும் பிதுங்கக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வெள்ளையாக, பெரிதாக, ஆடி ஆடிப் போகிற ஒன்றைத் துரத்தாமல் இருக்க எந்த நாயால் முடியும்? ஒருநாள் காலையில் கேட்டின் கொக்கியை யாரோ சரியாகப் போடவில்லை. அந்த யாரோ நான் இல்லை. நாய் பாய்ந்தது, பாய் வண்டியோடு சாய்ந்தார். பஞ்சு மூட்டை மேலேயே விழுந்ததால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முட்டியில் தோல் மட்டும் பெயர்ந்தது. மூட்டை கிழிந்து தெரு முழுக்கப் பஞ்சு பறந்தது. எங்கள் நாய் வாய் நிறைய பஞ்சோடு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

சாயங்காலம் பாய் நொண்டிக்கொண்டே எங்கள் கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நாய் நக்கினால் அவருக்குத் தொழுகைக்கு முன்னால் கழுவல் வேலை அதிகம். அதனால் எப்போதும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசுவார்.

"தங்கச்சி, எனக்கு நாயிங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. தொட மாட்டேன், அவ்ளோதான். ஆனா எம் பொண்ணு ஸ்கூட்டில காலேஜுக்கு போய்கினு வந்துகினு கீது. நானு பஞ்சு மேல வுயுந்தேன். அது இன்னாத்து மேல வுயும்? தீவாளிக்குள்ள ஒரு முடிவு பண்ணுங்க."

கத்திவிட்டுப் போயிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். மனிதர் நியாயமாகப் பேசித் தொலைத்துவிட்டார்.

முடிவு என்றால் ஒன்றுதான். என் கணவரின் பெரியப்பா மகனுக்குத் திருவள்ளூர் தாண்டி ஒரு செங்கல் சூளை இருக்கிறது. 'காவலுக்கு நாய் இருந்தா குடு' என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஏற்கெனவே இருந்த நாயை நான் பார்த்திருக்கிறேன். கல்தூணில் சங்கிலி. சங்கிலி எட்டுகிற தூரம் வரைக்கும் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு புல் கிடையாது, எல்லாம் நடந்து நடந்தே தேய்ந்துபோயிருந்தது. எங்கள் நாயை அந்த வட்டத்தில் நினைத்துப் பார்த்தேன்.

என் கணவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒரு பாகத்தை எடுப்பார், அளப்பார், சரி என்றோ சரியில்லை என்றோ முத்திரை குத்துவார். வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். சாம்பாருக்கு முத்திரை உண்டு, என் அம்மாவுக்கு உண்டு, நான் தலைவாருகிற விதத்துக்கும் உண்டு. உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒரு ஸ்க்ரூவோ ஒரு பட்டனோ இருந்தே தீரும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் எங்களை சென்னீர்குப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. நாய் பழக்குகிறவர் மிலிட்டரிப் புள்ளி போட்ட பேண்ட் போட்டிருந்தார். ஆவடிப் பக்கம் கேம்ப் வாசலைக்கூட மிதிக்காதவன்தான் அந்தப் பேண்ட்டைப் போடுவான் என்பது எனக்குத் தெரியும். 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். மாஸ்டர் எங்கள் நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் நாய்க் கழுத்தில் மாட்டுகிற ஒரு பெல்ட்டும், ரிமோட் மாதிரி கையடக்கமான ஒரு பெட்டியும் எடுத்து வந்தார்.

"மூணு பட்டன் சார். ஒண்ணு சவுண்டு, ஒண்ணு அதிர்வு, ஒண்ணு மின்னல், அதான் கரண்டு. மொதல்ல சவுண்டு குடுங்க. கேக்கலையா, மின்னல். நாலு நாள்ல சவுண்டுக்கே திரும்பிடும். நம்பர் வேற கீது, தேவைக்கு ஏத்திக்கலாம்."

"வலிக்காதா?" என்றேன்.

"மேடம், இது வலி இல்ல. மெசேஜ்."

"மெசேஜ்னா வாட்ஸப்ல அனுப்புங்களேன்."

என் கணவர் என் காலை மிதித்தார். மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. ரோட்டைக் கைகாட்டினார். "இந்த ரோட்ட பாருங்க மேடம். ஒரு வூட்ல இப்டித்தான், 'அய்யோ பாவம்'னு பாதில நிறுத்திட்டாங்க. நாயி லாரிக்கு அடியில போச்சு. நீங்க பாவம் பாருங்க, வேணாங்கல. லாரிக்காரன் பாப்பானா?"

எனக்கு எரிச்சல் வந்தது. எதைக் குறை சொல்லலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். மூலையில் மாஸ்டரின் சொந்த நாய் உட்கார்ந்திருந்தது. படத்துக்கு உட்கார்ந்த மாதிரி, அசையாமல், ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அது மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கையிலிருந்த பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

பெல்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்றைக்கு எங்கள் கேட்டில் பட்டிமன்றம் நடந்தது. வேண்டும் என்ற கட்சியில் என் கணவர். வேண்டாம் என்ற கட்சியில் நானும், யாரும் எதிர்பார்க்காத விதமாக, பாயும். "வுயுந்தவன் நானு. நானே சொல்றேன், வாயில்லா ஜீவனுக்கு கரண்டு வெக்காத நைனா" என்றார். விழுந்தவரே இப்படிச் சொல்லிவிட்டால் எதிர்க்கட்சி என்ன செய்யும்? என் கணவர், வரும் வழியில் பார்த்துவிட்டு வந்த கால்நடை டாக்டரைச் சாட்சிக்கு இழுத்தார். "டாக்டரே யூஸ் பண்ணலாம்னுட்டார்." நானும் அதே டாக்டரை இழுத்தேன். "பயந்த நாயி கடிக்க ஆரம்பிச்சிடும், வேணாம்னுதான் சொன்னார்." இரண்டு பேரும் ஒரே அறையிலிருந்து ஒரே நேரத்தில்தான் வெளியே வந்திருந்தோம். டாக்டர் இரண்டையும்தான் சொன்னார். அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டோம்.

கடைசியில் இவர் குரலை இறக்கி ஒன்று கேட்டார். "சங்கிலில கெடந்து சாவணுமா, இல்ல ஒரு சுரீரோட நம்ம ஊட்லயே கெடக்கணுமா? நீயே சொல்லு."

பட்டிமன்றம் அதோடு முடிந்தது. இவருக்கும் நாய் மேல் உயிர் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தன் தட்டிலிருந்து கறித்துண்டு ஒன்றை மேஜைக்குக் கீழே நழுவவிடுகிறவர் அவர்தான். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பரிசோதகர் அல்லவா, சோதனை இல்லாமல் எதையும் நாய்க்குப் போட மாட்டாராம். பெல்ட்டைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, நம்பரை ஐந்தில் வைத்து மின்னலை அமுக்கினார். "எறும்பு கடிச்ச மாதிரி கீது, அவ்ளோதான்." பாயும் கம்பி வழியாகக் கையை நீட்டினார். அதே ஐந்து. "எறும்பா? தேளு நைனா!" என்று கையை உதறினார். ஒரே நம்பர், இவருக்கு எறும்பு, அவருக்குத் தேள். நாய்க்கு என்ன என்பதை நாயைத்தான் கேட்க வேண்டும். என் முறை வந்தபோது கையை நீட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொள்கை என்றேன். பயம்தான்.

மறுநாள் ஆயுத பூஜை. புது ஆயுதத்தைப் பூஜைக்கு முன்னால் உபயோகிக்கக் கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். தொழிற்சாலை ஊரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, ஸ்பேனர், என் கத்தரிக்கோல், பழைய டேப் வரைக்கும் வரிசையாக உட்கார்ந்துவிடும். தொழிற்சாலையில் அளக்கிற அதே கவனத்தோடு இவர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைப்பார். கோணலாகப் போய்விட்டால் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். இந்த முறை வரிசையின் நடுநாயகம் கரண்ட் பெல்ட். அதன் உட்பக்கம், கழுத்தைத் தொடுகிற இடத்தில், இரண்டு சின்ன உலோகக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. பொட்டு வைக்கச் சொல்லியே செய்த மாதிரி இருந்தன. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை இவர் இரண்டு கொம்புக்கும் கிரீடம் மாதிரி தடிமனாக அப்பிக் குங்குமம் வைத்தார். பொரி, கடலை, வாழைப்பழம். சூடம் காட்டினோம். சாமி கும்பிடும்போது நான் பெல்ட்டைப் பார்த்து, 'நீ ரிப்பேராகிப் போ' என்று வேண்டிக்கொண்டேன்.

பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, அது தானாகத்தான் உதிர வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் அது. மிக்ஸியின் மேல் போன வருடத்துப் பொட்டுகூட அப்போது இருந்தது.

விஜயதசமி அன்று ஊரில் எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எங்கள் நாயும் சேர்ந்தது. வாசலில் பாடம். முட்டியில் கட்டோடு பாய் கேள்வித்தாளாக இருக்கச் சம்மதித்து, பஞ்சு மூட்டையுடன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். நீளக் கயிற்றில் நாய் பாய்ந்தது. இவர் சவுண்டை அமுக்கினார். கழுத்திலிருந்து 'கீங்' என்றது. நாய் காதிலேயே வாங்கவில்லை. இவர் மின்னலை அமுக்கினார்.

'அய்யோ' என்று ஓடிப்போய், கையில் தயாராக வைத்திருந்த பொறைத் துண்டை அதன் மூக்குக்கு நேராக நீட்டினேன். டீக்கடை பாட்டிலில் கல் மாதிரி காய்ந்த ரொட்டி கிடக்குமே, அந்தப் பொறைதான். மனிதன் டீயில் நனைக்காமல் தின்றால் பல் போய்விடும், சென்னை நாய்களுக்கு அதுதான் தேவாமிர்தம். நாய் ஸ்கூட்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது.

"பாத்தியா! பவரு!" என்றார் இவர்.

"பாவம்ங்க, வலிச்சிருக்கும். அதான் குடுத்தேன்."

"குடுத்துக்கோ, குடுத்துக்கோ. அடிக்கிற டிபார்ட்மெண்ட் என்னுது, அணைக்கிற டிபார்ட்மெண்ட் உன்னுது."

அப்படித்தான் இரண்டு இலாகாவும் நடந்தன. காலையும் மாலையும் இவர் கீங் என்பார், மின்னல் என்பார். நான் நஷ்டஈடாகப் பொறை தருவேன். கொஞ்ச நாளிலேயே கீங் என்றதும் நாய் சடாரென்று திரும்பி என்னிடம் ஓடிவர ஆரம்பித்துவிட்டது. ஸ்கூட்டர் போகும், ஸ்கூட்டி போகும், தண்ணீர் கேன் வண்டி போகும். கீங். ஓடி வரும். என் கணவர் தெரு வாட்ஸப் குழுவில் வீடியோ போட்டார். நாய் வளர்க்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கிய அழகைப் பார்த்தால் மாஸ்டரே மயங்கியிருப்பார்.

ஒன்று மட்டும் இவருக்கு உறுத்தியது. மின்னலுக்கு நாய் துள்ளவே இல்லை. சோதனையில் ஒரு பாகம் வளையவில்லை என்றால் பாரத்தை ஏற்றிப் பார்ப்பது இவருடைய தொழில். "தோலு கெட்டி" என்று சொல்லி நம்பரை ஏற்றினார். பத்து, இருபது, நாற்பது. நாய் அப்போதும் வாலை ஆட்டியது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் துக்கம் தாங்கவில்லை. இத்தனை கரண்டையும் வாங்கிக்கொண்டு சிரிக்கிறதே, இது நாய் இல்லை, சித்தர் என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நின்று அழுதேன். மறுநாள் துண்டாக இல்லாமல் முழுப் பொறையாகக் கொடுத்தேன்.

பாய்க்கு மட்டும்தான் சந்தேகம் வந்தது. "நைனா, நாயி சிரிச்சிகினு கீதே. கரண்டு வாங்கினா எவனாச்சும் சிரிப்பானா?"

"பயகிடுச்சு பாய்."

"கரண்டு பயகுமா? ஈபி ஆபீஸ்ல வேல செய்றவனே தொட மாட்டான்."

சந்தேகம் சந்தேகமாகவே இருந்தாலும், தன் மகளின் ஸ்கூட்டி நாயைத் தாண்டிப் பத்திரமாகப் போய் வருவதை அவர் கண்ணாலேயே பார்த்தார். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நாயி இங்கயே கெடக்கட்டும் தங்கச்சி, எங்கயும் அனுப்ப வேணாம்" என்றார். நான் உள்ளே போய் நாயின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர், பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "இப்போ இன்னா சொல்ற?" என்றார். தோற்றுப்போனது கசந்தது, ஆனால் நாய் வீட்டில் இருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மழை பெய்தால் தெரு எது, ஏரி எது என்று விசாரித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். விடிய விடியப் பெய்து காலையில் தூறலாக இருந்தது. நாய் இரவெல்லாம் பின்கட்டுக்கும் வாசலுக்கும் ஓடி ஓடி நனைந்து, கழுத்து மயிரெல்லாம் ஒட்டிக் கிடந்தது. இவர் அப்படியே பெல்ட்டோடு வெளியே கூட்டி வந்தார். எதிர் வீட்டில் பாய் பஞ்சு மூட்டைக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டி வண்டியைக் கிளப்பினார். கீங்.

நாய் உடனே திரும்பிவிட்டது. காதை நிமிர்த்திக்கொண்டு, என் கையைப் பார்த்துக்கொண்டு, என்னிடம்தான் வந்துகொண்டிருந்தது. மின்னலுக்குத் தேவையே இல்லை. இவர் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அதையும் அமுக்கியது. நம்பர் நாற்பதில் இருந்தது.

நாய் கத்திய சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. காற்றில் எகிறி, சேற்றில் விழுந்து, எழுந்தது. என்னைப் பார்த்தது. நான் பொறையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். இவர் கையிலிருந்து கயிற்றைப் பறித்துக்கொண்டு எனக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது, தெருமுனை திரும்பிக் காணாமல் போய்விட்டது.

அந்த நிமிடம் நான் என் கணவரைப் பேசியதில் அவருடைய வம்சத்தில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அவர் பெட்டியைத் தூக்கி, சவுண்டை அமுக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். பட்டன் மேல் வைத்தார். அமுக்காமல் எடுத்துவிட்டார். இனி அந்தச் சத்தம் கழுத்தில் கேட்டால் அது இன்னும் தூரம்தான் ஓடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பாய் வண்டியைத் திருப்பினார். "இன்னா நின்னுகினு கீற? ஏறு நைனா. எவ்ளோ நாளு என் வண்டிய தொரத்திச்சு. சத்தம் கேட்டா எங்கயாச்சும் தலைய நீட்டும்."

பஞ்சு மூட்டை மேல் என் கணவர் ஏறி உட்கார்ந்தார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். பாய் ஒவ்வொரு சந்தாக முறுக்கி முறுக்கி ஓட்டினார். இவர் மூட்டையின் உச்சியில் உட்கார்ந்து, வாயைக் குவித்து, "கீங்... கீங்..." என்று கத்திக்கொண்டு போனார். டாங்கிக்கே முத்திரை குத்துகிற மனிதர். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் வெட்கம், ரகசியம் எல்லாவற்றையும் மறந்து நாயின் பெயரைச் சொல்லியே கூவினேன். "வாடா! எங்கடா போய்த் தொலைஞ்ச?"

தெருமுனை வீட்டுக் கதவு திறந்து பெரியவர் வெளியே வந்தார். "இன்னாமா, கூப்ட்டியா?"

"இல்ல சார், நாய" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் என்னோடு இன்றைக்கு வரைக்கும் பேசுவதில்லை.

ஏரிக்கரைப் பக்கம் பாதியில் நிற்கிற ஒரு கட்டடம். பாய் அதன் முன்னால் வண்டியை நிறுத்தி முறுக்கியபோது, மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்த சென்ட்ரிங் பலகைகளுக்குள்ளிருந்து ஒரு மூக்கு தெரிந்தது. என்னைக் கண்டதும் அது உள்ளே போய்விட்டது. என்னிடம் வந்துகொண்டிருந்தபோதுதானே அதற்கு அடி விழுந்தது; நான் கிட்டே போகவில்லை. இவர் இறங்கி, பேண்ட்டோடு சேற்றில் மண்டியிட்டு, மெதுவாக, தாலாட்டு மாதிரி கீங் கீங் என்றார். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வயிறு தரையில் உரச, ஊர்ந்து ஊர்ந்து வந்து அவர் கைக்குள் தலையை வைத்தது. முதல் வேலையாக இவர் பெல்ட்டைக் கழற்றினார். நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. பாய் நாலடி தள்ளி நின்றபடியே தன் மூட்டையின் தார்ப்பாயை அவிழ்த்து வீசினார். "போத்து நைனா அத." பஞ்செல்லாம் நனைந்துகொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இவர் பெல்ட்டை மேஜை மேல் வைத்து, விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். இத்தனை நாள் தாங்கிய நாய் இன்று ஏன் கத்தியது? பரிசோதகருக்குக் காரணம் தெரிய வேண்டும். ஒரு கொம்பு பளிச்சென்று இருந்தது. இன்னொன்றின் அடியில் வெள்ளையும் சிவப்புமாக ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார்.

எனக்கும் மெதுவாகத்தான் புரிந்தது. பொட்டு காய்ந்து கொம்பை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. மழையில் கரைகிற வரைக்கும் நாயின் கழுத்துக்குக் கரண்ட் போகவே இல்லை.

"அப்போ இத்தினி நாளா அது எதுக்குத் திரும்பிச்சு?" என்று கேட்டார்.

"பொறைக்கு."

"பொறைக்கா?"

"கீங்னா பொறை வரும்னு அதுக்குத் தெரியும். உங்க பவரும் இல்ல, மாஸ்டரு மெசேஜும் இல்ல. டீக்கடைப் பொறை." எனக்கு ஒரே சந்தோஷம். பட்டிமன்றத்தில் ஜெயித்துவிட்டேன். என் வேண்டுதலைக்கூடச் சாமி அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறது. இன்னும் நிறைய சொல்ல வாய் வந்தது, சொல்லவும் செய்தேன். 'பயந்த நாயி கடிக்கும்னு டாக்டர் சொன்னாரே, காதுல வாங்கினீங்களா' என்பது வரைக்கும் போனேன்.

இவர் என் பேச்சைக் கேட்கவே இல்லை. "நா அஞ்சுலதான் பாத்தேன்" என்றார். "அதுக்கு நாப்பது வெச்சேன். தினம் ரெண்டு வேளையும் நாப்பது அமுக்கினேன். போகலைன்றது வேற. நானு அமுக்கினேன் இல்ல?"

பெல்ட்டைத் துடைத்து, தன் கழுத்தில் வைத்துப் பின்பக்கம் மாட்டினார். பெட்டியை என் பக்கம் தள்ளினார். "நம்பர மாத்தாத. அமுக்கு."

நான் கொள்கைக்காரி. தேளா எறும்பா என்று தெரிந்துகொள்ளக்கூடக் கையை நீட்டாதவள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சேற்றில் எகிறி விழுந்தது என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. சாம்பாரும் இருந்தது, என் அம்மாவும் இருந்தாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மின்னலை அமுக்கினேன்.

இவர் கத்திக்கொண்டே நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து நாய் பாய்ந்து வந்தது. கீழே கிடந்தவருக்கும் எனக்கும் நடுவில் நின்று, முதுகு மயிர் சிலிர்க்க, பல்லைக் காட்டி உறுமியது. எங்கள் வீட்டில் அது யாரைப் பார்த்தும் உறுமியதில்லை. நான் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காலையிலிருந்து என் இடது கையிலேயே நமுத்துக் கிடந்த பொறையை நீட்டினேன்.

அது பொறையைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் வலது கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகும் உறுமல் நிற்கவில்லை.